ஸ்டோக்கரின் காகிதக் கட்டு

பிரையன் ஆல்டிஸ் எழுதிய ‘டிராகுலா அன்பவுண்ட்’ 1991-இல் வந்தது. அதில் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் ராத்திரி நேரத்தில் ஒரு ரயில் போகும். அங்கே தண்டவாளம் கிடையாது. ஊர்விட்டு ஊர் போகிற வண்டியும் இல்லை அது. காலம்விட்டுக் காலம் போகிறது. ஜோ போடன்லேண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதில் தொற்றிக்கொள்கிறார். வண்டி அவரை 1896-ஆம் வருஷத்து இங்கிலாந்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே பிராம் ஸ்டோக்கர் ‘டிராகுலா’ நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார். ரத்தக் காட்டேரிகளைக் காலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை துரத்தும் வேட்டையில் கதாசிரியரே கூட்டாளியாகச் சேர்ந்துகொள்கிறார்.

படிக்கும்போது எனக்கு ரயிலைவிட ஸ்டோக்கரின் மேஜைமேல்தான் கண் போயிற்று. 1896-இல் அவர் கைவசம் என்னென்ன காகிதங்கள் இருந்தன என்பது நமக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவர் கிறுக்கியும், நகலெடுத்தும், கத்தரித்தும் சேர்த்த நூற்றுச் சொச்சம் தாள்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. காட்டேரிக் கதை அறிவியல் புனைகதைக்குள் நுழைந்த இரண்டு வழிகளுமே அந்தக் கட்டில் இருந்து கிளம்புகின்றன என்று நினைக்கிறேன். ஒன்று ரயில் அட்டவணை. மற்றொன்று ஒரு பத்திரிகைத் துணுக்கு.

தேதியிட்ட தாள்களில் மிகப் பழையது 1890 மார்ச் 8-ஆம் நாளுடையது. ஸ்டோக்கருக்கு அப்போது 42 வயது. லண்டன் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகி. ஹென்றி இர்விங் என்ற மகா நடிகருக்காகக் கணக்குப் பார்ப்பது, கடிதம் எழுதுவது, கம்பெனியை ஊர் ஊராகக் கூட்டிப்போவது எல்லாம் அவர் தலையில். நாவல் எழுதியது மிச்ச நேரத்தில். கடுமையாக உழைக்கிற மனிதரின் அவசரக் கையெழுத்து இந்தத் தாள்களில் தெரிகிறது. நிபுணர்கள் படித்தெடுக்கவே ரொம்பச் சிரமப்பட்டார்கள்.

ஆரம்பக் குறிப்புகளில் டிரான்சில்வேனியா இல்லை. கதை ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில் நடப்பதாக இருந்தது. வில்லனுக்கு வெறுமனே ‘கவுண்ட் வாம்பயர்’ என்றுதான் பெயர். அந்த வருஷக் கோடையில் ஸ்டோக்கர் விட்பி என்ற கடற்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போனார். அங்கிருந்த நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் 1820-இல் வெளியிட்ட வாலாக்கியா, மால்டேவியா பற்றிய புத்தகத்தை எடுத்துப் படித்தார். ‘டிராகுலா’ என்ற பெயர் அதில் கிடைத்தது. நூலகத்து எண் உள்பட எல்லாவற்றையும் எழுதிவைத்தார். பிறகு பழைய பாத்திரப் பட்டியலை எடுத்து ‘வாம்பயர்’ என்பதை அடித்துவிட்டு ‘டிராகுலா’ என்று மேலே எழுதினார். அந்த அடித்தல் திருத்தல் உள்ள தாளைப் படத்தில் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒரு பெயர் அங்கே, ஒரு பேனாக் கோட்டுக்குப் பக்கத்தில், முதல்முதலாக உட்கார்ந்திருக்கிறது.

விட்பியில் அவர் சும்மா இருக்கவில்லை. கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களை வரிசையாக நகலெடுத்தார். நாவலில் வரும் கிழவர் ஸ்வேல்ஸின் பெயர் அப்படிக் கிடைத்ததுதான். கடலோரக் காவலர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, 1885 அக்டோபரில் அங்கே கரை தட்டிய ‘டிமித்ரி’ என்ற ரஷ்யக் கப்பலின் விவரத்தைக் கேட்டு எழுதினார். நார்வா துறைமுகத்து ‘டிமித்ரி’ நாவலில் வார்னா துறைமுகத்து ‘டிமீட்டர்’ ஆயிற்று. டப்ளினில் பெயர்பெற்ற அறுவை மருத்துவராக இருந்த அண்ணன் தார்ன்லியிடம் தலைக்காயம் பற்றிக் கேட்டார். அவர் மண்டையோட்டின் படம் போட்டு விளக்கி அனுப்பிய தாளும் கட்டில் இருக்கிறது. நம்ப முடியாத ஒன்றைச் சொல்லப்போகிறவன் மற்றதெல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்கவேண்டும் என்று தவித்திருக்கிறான். அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களின் தவிப்பும் இதுவே.

நம் பக்கத்து வேதாளமும் ஸ்டோக்கர் அருகே ஒரு தடவை வந்து போயிருக்கிறது. விக்கிரமாதித்தன் கதைகளை 1870-இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பர்ட்டன், புத்தகத் தலைப்பிலேயே வேதாளத்தை ‘வாம்பயர்’ ஆக்கியிருந்தார். அந்தப் பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் பழகி அறிந்தவர். இர்விங் பற்றிய நினைவுக்குறிப்பில், பேசும்போது பர்ட்டனின் மேலுதடு விலகிக் கோரைப்பல் தெரிந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அம்புலிமாமாவில் முருங்கை மரத்து வேதாளத்தோடு வளர்ந்த நமக்கு இந்தச் சந்திப்பு தனி சந்தோஷம்.

தாள்களில் சில, நாவலுக்குள் போகாமலே நின்றுவிட்டவை. கோட்ஃபோர்டு என்று ஒரு துப்பறிவாளர், ஆவி ஆராய்ச்சியாளர் ஒருவர், ஜெர்மன் பேராசிரியர் ஒருவர், ஓர் ஓவியர் எல்லோரும் பட்டியலில் இருந்தார்கள். நாவல் வந்தபோது இவர்களில் பலருடைய வேலையைக் காட்டேரி வேட்டைக்குத் தலைமை தாங்கும் வான் ஹெல்சிங் ஒருவரே பார்த்தார். ஓவியருக்கென்று ஸ்டோக்கர் யோசித்த சங்கதி அருமையானது: டிராகுலாவை எவராலும் வரைய முடியாது, எப்படி வரைந்தாலும் படம் வேறு யாரோ ஒருவர் மாதிரி வந்துவிடும். கொடாக்கில் படம் பிடித்தால் வெறும் கறுப்பாகவோ எலும்புக்கூடாகவோ விழும். கொடாக் பெட்டிக் கேமரா 1888-இல்தான் கடைக்கு வந்தது. புத்தம்புதிய கருவி ஒன்றைக் காட்டேரிமுன் நீட்டி, என்ன பதிவாகிறது பார்ப்போம் என்று கேட்கிறது இந்தக் குறிப்பு. நாவலில் கண்ணாடி மட்டும் தங்கியது, கேமரா விடுபட்டுப்போயிற்று. எனக்கு அதில் வருத்தம்தான்.

ரயில் அட்டவணைக்கு வருகிறேன். கட்டில் நாள்காட்டித் தாள்கள் இருக்கின்றன. கிழமையும் தேதியும் குறித்து, எவர் எந்த நாளில் எங்கே இருக்கிறார், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று நிரப்பியிருக்கிறார். 1893-ஆம் வருஷக் கிழமைகள் அப்படியே பொருந்துகின்றன. நாவலின் முதல் பக்கத்திலேயே, டிராகுலாவைப் பார்க்கப் புறப்பட்ட வக்கீல் ஜோனதன் ஹார்க்கர் ரயில் தாமதமாவதைப் பற்றி முனகுகிறான். கோட்டைக்குப் போனால், நானூறு வருஷம் வாழ்ந்த அந்தப் பிரபு சோபாவில் சாய்ந்து படித்துக்கொண்டிருப்பது ‘பிராட்ஷா’ என்ற இங்கிலாந்து ரயில்வே கைடு. ஹார்க்கரின் மனைவி மீனாவுக்கு ரயில் நேரங்கள் மனப்பாடம். டைரிகள், தந்திகள், ஃபோனோகிராஃப் உருளையில் பதிந்த பேச்சு, செய்தித்தாள் எல்லாவற்றையும் அவள் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். அடுக்கி முடித்த பிறகே எதிரி எங்கே இருக்கிறான், எந்த ஆற்று வழியாக ஓடுகிறான் என்பது பிடிபடுகிறது. நவம்பர் 6-ஆம் தேதி சூரியன் மறையும் அந்தக் கணத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்தாக வேண்டும், திறந்துவிடுகிறார்கள். சிலுவை, பூண்டு எல்லாம் உதவியது உண்மை. ஆனால் வேட்டையை முடித்துக் கொடுத்தது தேதி.

சாகாதவனுக்குக் காலம் ஒரு பொருட்டில்லை, மனிதர்களுக்கோ காலம் ஒன்றே ஆயுதம். இந்த இழுபறியை ஸ்டோக்கர் நாவலின் எலும்பாகவே போட்டுவிட்டார். பின்னால் ஒருவர் வந்து இதில் கால இயந்திரத்தைச் சேர்த்தபோது ஒட்டுப்போட்டதாகத் தெரியாததற்குக் காரணம் இது.

பத்திரிகைத் துணுக்கு 1896-இல் கட்டுக்குள் வந்தது. லைசியம் குழு அப்போது அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகை, நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் மக்கள் காட்டேரி பயத்தில் பிணங்களைத் தோண்டி எடுப்பதாக எழுதியிருந்தது. ரோட் ஐலண்டு மாநிலத்து எக்ஸிட்டரில் 1892-இல் நடந்தது ஊரறிந்த சம்பவம். ஒரே குடும்பத்தில் தாய், மூத்த மகள், மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் என்று வரிசையாகக் காசநோயில் செத்தார்கள். மெர்சியின் அண்ணன் எட்வினும் படுக்கையில். அக்கம்பக்கத்தார் வற்புறுத்தி மெர்சியின் உடலைத் தோண்டினார்கள். குளிர்காலத்தில் இறந்த உடல் கெடாமல் இருந்தது, இதயத்தில் ரத்தம் இருந்தது. இதயத்தை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் போய்விட்டான். இதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, 1882-இல், ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து பெர்லினில் அறிவித்திருந்தார். அந்தச் செய்தி எக்ஸிட்டர் மண்வெட்டிகளை எட்டவில்லை.

ஸ்டோக்கர் துணுக்கைப் பத்திரப்படுத்தினார். கிருமியை நாவலில் தொடவில்லை. 1897 மே 18-ஆம் தேதி லைசியம் மேடையில், நாடக உரிமையைக் காத்துக்கொள்வதற்காக, நாவலை வசனமாக்கி அவசர வாசிப்பு ஒன்று நடத்தினார். அடுத்த வாரம் கான்ஸ்டபிள் கம்பெனி மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்தோடு புத்தகத்தை விற்பனைக்கு விட்டது, விலை ஆறு ஷில்லிங். அந்த மாதங்களில் லண்டன் வாசகர் ‘பியர்சன்ஸ்’ பத்திரிகையை வாங்கியிருந்தால் எச்.ஜி. வெல்ஸின் ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ தொடராக வந்துகொண்டிருப்பதைப் படித்திருப்பார். அதிலும் வேற்றுக்கிரகத்தார் உயிரோடிருக்கும் மனிதர்களின் ரத்தத்தை எடுத்துத் தங்கள் நாளங்களில் ஏற்றிக்கொள்கிறார்கள். கடைசியில் கிருமியால் சாகிறார்கள். ஒரே நகரம், ஒரே வருஷம், ரத்தம் குடிக்க வந்த இரண்டு அந்நியர்கள். விமர்சகர்கள் ஒன்றை அறிவியல் புனைகதை அலமாரியிலும் மற்றதைப் பேய்க்கதை அலமாரியிலும் வைத்தார்கள். இந்தப் பாகப்பிரிவினை நியாயம் என்று எனக்குப் படவில்லை.

ஸ்டோக்கர் 1912 ஏப்ரலில் காலமானார். மறுவருஷம் ஜூலையில் மனைவி ஃப்ளாரன்ஸ் அவருடைய புத்தகங்களையும் காகிதங்களையும் சாதபீஸ் ஏலத்துக்கு விட்டார். ‘டிராகுலா’ குறிப்புகள் இரண்டு பவுன் சொச்சத்துக்குப் போயின. கணவனை இழந்து கையில் காசில்லாமல் இருந்தவர் அவர். பின்னாளில் அதே நாவலைக் கேட்காமல் எடுத்துப் படமாக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’வின் மீது வழக்குப் போட்டு, பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி 1925-இல் ஜெர்மன் நீதிமன்ற உத்தரவு வாங்கினார். தப்பிய பிரதிகளால் ஒரு விதி உலகமெங்கும் பரவிவிட்டது: வெயில் பட்டால் காட்டேரி செத்துவிடும். ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடப்பான். சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏலம் போன கட்டு அட்லாண்டிக்கைத் தாண்டியது. நியூயார்க்கில் ஸ்க்ரிப்னர்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து, அதன்பின் பல பத்தாண்டுகள் ஆராய்ச்சியாளர் கண்ணில் படாமல் கிடந்தது.

அது அப்படி உறங்கிய நாட்களில், உள்ளிருந்த கிருமியை வேறொருவர் தம் போக்கில் கண்டுகொண்டார். ரிச்சர்ட் மாத்தேசன் பதின்வயதில் பெலா லுகோசி நடித்த ‘டிராகுலா’ படத்தைப் பார்த்தவர். ஒரு காட்டேரியே இப்படிப் பயமுறுத்துகிறது என்றால் உலகம் முழுக்கக் காட்டேரியாக இருந்தால் எப்படி என்று அவருக்குத் தோன்றியது. அதை 1954-இல் ‘ஐ ஆம் லெஜண்ட்’ என்று மலிவுப் பதிப்பு நாவலாக எழுதினார். கதை நடப்பது அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 1976-இல், லாஸ் ஏஞ்சலஸில். கொள்ளைநோய் எல்லோரையும் காட்டேரியாக்கிவிட்டது. ராபர்ட் நெவில் ஒருவன் மட்டும் மிச்சம். பகலில் மரமுளைகளைக் கடைந்துகொண்டு வீடு வீடாகப் போய்த் தூங்குகிறவர்களின் நெஞ்சில் அடிப்பான், இருட்டுமுன் வீடு திரும்புவான். பூட்டிக் கிடக்கும் நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களை அள்ளிவருவான். மைக்ராஸ்கோப் ஒன்றைச் சம்பாதித்து, தானே படித்துப் பழகி, ரத்தத்துளியில் அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பான்.

நாவலில் என்னை உலுக்கிய இடம் ரொம்பச் சின்னது. மனைவியின் சமாதிக்குப் போன நெவில் கடிகாரத்தைப் பார்த்து நேரமிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறான். கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. கராஜ் கதவை வேறு திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறான். பிறகு வீடுவரை ஓடுகிற ஓட்டத்தில் நம் மூச்சும் வாங்கும். ஒரு கைக்கடிகாரச் சாவி தீர்ந்தால் வேட்டைக்காரன் இரையாகிவிடுவான் என்பதை மாத்தேசனும் புரிந்துவைத்திருந்தார்.

‘ஐ ஆம் லெஜண்ட்’ 1964, 1971, 2007 என்று மூன்று தரம் பெரிய படமாயிற்று. ஜார்ஜ் ரொமேரோ தம் 1968 படமான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’டுக்குத் தூண்டுதல் இதுவே என்று ஒத்துக்கொண்டார். இன்று திரையில் கூட்டங்கூட்டமாக அலையும் ஜாம்பிகளின் பூர்விகம் இங்கே இருக்கிறது.

கட்டு 1970-இல் ஃபிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்துக்கு விலைக்கு வந்தது. உள்ளே சில குறிப்புகள், லைசியம் சுற்றுப்பயணத்தின்போது தங்கிய ஃபிலடெல்ஃபியா ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதப்பட்டவை! டிராகுலாவைத் தேடி ருமேனியாவெல்லாம் அலைந்த ரேமண்ட் மெக்நல்லி, ராடு ஃப்ளோரெஸ்கு என்ற இரு பேராசிரியர்கள் எழுபதுகளில் இந்தக் கட்டைப் பார்த்து உலகத்துக்குச் சொன்னார்கள். எண்பதுகளில் இன்னொரு புதையலும் அதே பென்சில்வேனியாவில் ஒரு களஞ்சியக் கொட்டகையிலிருந்து வெளிவந்தது: நாவலின் தட்டச்சுப் பிரதி. தலைப்பு ‘தி அன்-டெட்’ என்று கையால் எழுதியிருந்தது. டிராகுலா இறந்ததும் கோட்டை இடிந்து மண்ணோடு போவதாக ஒரு முடிவை ஸ்டோக்கர் எழுதியிருந்ததும், அச்சுக்குப் போகுமுன் அது விடுபட்டதும் அதில் தெரிந்தது.

ஆல்டிஸ் இந்தக் காலத்தில்தான் தம் கணக்கைத் தீர்க்க உட்கார்ந்தார். அறிவியல் புனைகதையின் வரலாற்றை 1973-இல் ‘பில்லியன் இயர் ஸ்ப்ரீ’ என்று எழுதியவர். 1818-இல் வந்த மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’தான் இந்த வகையின் முதல் நாவல் என்று அடித்துச் சொன்னவர். 1973-லேயே ‘ஃப்ராங்கென்ஸ்டைன் அன்பவுண்ட்’ எழுதி போடன்லேண்டை 1816-ஆம் வருஷத்து ஜெனீவா ஏரிக்கரைக்கு அனுப்பினார். அந்தக் கோடையில் பைரனின் ஏரிக்கரை வீட்டில் பேய்க்கதைப் போட்டி நடந்தது. ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’ அங்கே கருக்கொண்டது. பைரனின் வைத்தியர் போலிடோரி பிறகு எழுதி 1819-இல் அச்சான ‘தி வாம்பயர்’ என்ற கதையும் அதே போட்டியிலிருந்து முளைத்தது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள். அறிவியல் புனைகதை மூத்ததை வாரிசாக வைத்துக்கொண்டு இளையதைத் தெருவில் விட்டுவிட்டது. ‘ஃப்ராங்கென்ஸ்டைன் அன்பவுண்ட்’ வந்து பதினெட்டு வருஷம் கழித்து, அதே போடன்லேண்டை அனுப்பி, ஆல்டிஸ் இளையதையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

யூட்டாவில் டைனோசர் காலத்துப் பாறையடுக்கில் இரண்டு சவக்குழிகள் கிடைப்பதில் ‘டிராகுலா அன்பவுண்ட்’ சூடுபிடிக்கிறது. மனிதனே தோன்றாத காலத்து மண்ணில் மனித எலும்புக்கூடு. நெஞ்சில் முளை அடித்த அடையாளம். கொலை நடந்தது ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் என்றால் கொன்றவன் எந்த வண்டியில் வந்திருப்பான்? ஒற்றைக் கேள்வியில் புதைபொருள் ஆய்வும் காட்டேரிக் கதையும் காலப்பயணமும் முடிச்சுப்போட்டுக்கொள்கின்றன. காட்டேரிகளின் வம்சமே டைனோசர் காலத்தில் தொடங்குகிறது. தொலை எதிர்காலத்தில் அவை மனிதர்களை அடிமையாக்கி ஆளுகின்றன. அவற்றைப் பூண்டோடு அழிக்க எதிர்காலத்துக் குண்டு ஒன்றைக் கடந்தகாலத்தில் போடுகிறார்கள். டைனோசர்கள் அழிந்ததற்கும் காரணம் அதுவாகிவிடுகிறது. டைனோசர்கள் விண்கல் மோதி அழிந்தன என்ற கொள்கையை வால்டர் அல்வாரெஸும் அவர் தந்தையும் 1980-இல் வெளியிட்டிருந்தார்கள். மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளம்தான் மோதிய இடம் என்று புவியியலாளர்கள் கட்டுரை எழுதியது 1991-இல், இந்த நாவல் வந்த அதே வருஷத்தில்.

குறைகள் இல்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். பின்பாதி தலைதெறிக்க ஓடுகிறது. மாத்தேசனிடம் இருக்கிற வீட்டுக்குள் அடைபட்ட பயம் இதில் கிடையாது. ஆனாலும் ரயிலைத் தேர்ந்தெடுத்தாரே, அதற்காக ஆல்டிஸுக்குக் கும்பிடு போடலாம். வெல்ஸைப் போல இருக்கை வைத்த இயந்திரம் ஒன்றைக் கொடுத்திருக்கலாம். பிராட்ஷா படித்த பிரபுவுக்கு எதிரிகள் ரயிலில் வருவதுதான் பொருத்தம். அறிவியல் புனைகதை எழுத வந்தவர் ஸ்டோக்கரை எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார் என்பதற்கு இதுவே சாட்சி.

கட்டு முழுவதையும் ராபர்ட் எய்ட்டீன்-பிசாங், எலிசபெத் மில்லர் இருவரும் படித்துத் தெளிந்து, தாளின் படமும் எதிரே அச்செழுத்துமாக 2008-இல் புத்தகமாக்கினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிலிப் ஸ்பெடிங் என்பவர் லண்டன் நூலகத்தின் அலமாரிகளை அலசினார். 1890 முதல் 1897 வரை ஸ்டோக்கர் அங்கே உறுப்பினர். குறிப்புகளில் அவர் நகலெடுத்த வரிகளை நூலகத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டபோது, சுமார் 25 புத்தகங்களில் அதே வரிகளின் ஓரத்தில் பென்சில் கோடுகளும், மடித்த பக்க மூலைகளும், நகலெடுக்கச் சொல்லும் அடையாளங்களும் இருந்தன. பேரிங்-கூல்டின் ஓநாய்மனிதர் நூலும் அவற்றில் ஒன்று. 2018-இல் இந்தக் கண்டுபிடிப்பை நூலகம் அறிவித்தது.